டப்பா கட்டினா எவ்வளவு மிச்சம்? அம்மாவோட நாலரை மணி அலாரத்தையும் சேர்த்து ஒரு கணக்கு



ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டேன். "மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு மாசம் ஒரு ரூபாய்கூட செலவில்லை"ன்னு அதுல பெருமையா சொல்லியிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையம். இடையில சுமார் 12 கிலோமீட்டர். காலையில 8 மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பா பையில இருக்கும். ஹோட்டல் பில் கிடையாது. அதனால செலவு பூஜ்யம். இதுதான் என் கணக்கு.

அம்மா அந்த வீடியோவைப் பார்த்தாங்க. பார்த்துட்டு ரொம்ப சாதாரணமா கேட்டாங்க: "ஏன்டா, செலவே இல்லையா? அரிசி உங்கப்பா வாங்குறாரு. சிலிண்டர் நான் புக் பண்றேன். நாலரை மணி அலாரம் யாருக்கு அடிக்குது?"

என்னால பதில் சொல்ல முடியலை. மாசக் கணக்கு எழுதுற எக்செல் ஷீட்ல "மதிய உணவு"ங்கிற வரியில நான் 0 போட்டிருந்தேன். அந்த 0-வுக்குப் பின்னாடி மூணு பேரோட பணமும் நேரமும் இருந்துச்சு. என்னோடது மட்டும் இல்லை.

அதனால இந்தக் கட்டுரையில கணக்கை முதல்ல இருந்து போடுவோம். டப்பா கட்டினா உண்மையில எவ்வளவு மிச்சம், அம்மாவையோ மனைவியையோ நாலரை மணிக்கு எழுப்பாம நாமளே எப்படிக் கட்டுறது, மிச்சமான பணம் எங்கே போகணும். மூணையும் பார்ப்போம்.

முதல்ல ரூபாய் கணக்கு

நம்ம பக்கம் மில், கடை, பள்ளி, அலுவலகம்னு பெரும்பாலும் வாரத்துக்கு 6 நாள் வேலை. மாசத்துக்கு 24 நாள்னு வச்சுக்குவோம். வெளியில ஒரு மதியச் சாப்பாடு 100 ரூபாய்னு எடுத்துக்குறேன். உங்க ஹோட்டல்ல 80 இருக்கலாம், ஆன்லைன்ல வாங்கினா டெலிவரி, பேக்கிங் எல்லாம் சேர்ந்து 180 ஆகலாம். உங்க பில்லை எடுத்து அந்த எண்ணை மாத்திப் போட்டுக்கோங்க. முறை ஒண்ணுதான்.

24 நாளும் வெளியில சாப்பிட்டா 2,400 ரூபாய்.

இப்போ வீட்டு டப்பா. ஒருத்தருக்கு ஒரு வேளைக்கு நான் போட்ட கணக்கு இது. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

- அரிசி 100 கிராம்: 6 ரூபாய்
- உளுந்து அல்லது பயறு 40 கிராம்: 5 ரூபாய்
- காய் 150 கிராம்: 8 ரூபாய்
- நல்லெண்ணெய் 2 டீஸ்பூன்: 4 ரூபாய்
- முட்டை 1: 7 ரூபாய்
- தயிர் 100 மில்லி: 7 ரூபாய்
- புளி, தேங்காய், மிளகாய், பூண்டு: 4 ரூபாய்
- கேஸ்: 3 ரூபாய்

கூட்டினா 44. சில்லறையைச் சேர்த்து 45 ரூபாய்னு வச்சுக்குவோம். ரேஷன் அட்டையில அரிசி விலையில்லாம கிடைக்குது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்குது. அதை வீட்ல பயன்படுத்துறவங்களுக்கு இன்னும் குறையும்.

ஒரு டப்பாவுக்கு மிச்சம் 55 ரூபாய். 24-ஆல பெருக்கி 1,320னு சந்தோஷப்படலாம். ஆனா 24 நாளும் யாரும் டப்பா கட்ட மாட்டோம். ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் லேட்டா எழுந்திருப்போம், ஒரு நாள் கூட வேலை பார்க்கிறவருக்குப் பிறந்தநாள். அதனால வாரத்துக்கு 4 நாள் டப்பா, 2 நாள் வெளியில. இதுதான் ஒரு வருஷம் தாங்குற திட்டம். 6 நாளும் கட்டுவேன்னு ஆரம்பிச்சவங்க பல பேர் மூணாவது வாரத்துல டப்பாவை அலமாரிக்குள்ள வச்சிடுறாங்க.

16 டப்பா, ஒண்ணுக்கு 45 ரூபாய்: 720. 8 நாள் வெளியில: 800. மொத்தம் 1,520. முன்னாடி ஆன 2,400-ல இருந்து கழிச்சா மாசம் 880 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 10,560.

இங்க ஒரு விஷயம். அந்த 720 ரூபாய் யார் பாக்கெட்ல இருந்து போகுது? வீட்டுச் செலவுக்கு நீங்க பணம் கொடுக்கலைன்னா, அது அப்பா அம்மா பணம். அப்போ உங்க மிச்சம் 880 கிடையாது. 1,600 மிச்சம்னு உங்க ஷீட் காட்டும், அதுல 720 அவங்க செலவு. சம்பளம் வந்த அன்னைக்கே வீட்டுக்கு இந்த 720-ஐ அனுப்பிடுங்க. தொகை சின்னதுதான், ஆனா கணக்கு நேராயிடும்.

எக்செல்ல வராத செலவு: நேரம்

அம்மாவோட அலாரத்துக்கு வருவோம். காய் நறுக்கி, சாதம் வடிச்சு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் பண்ணி, டப்பா கட்ட 45 நிமிஷம்னு வச்சாலும், 16 நாளைக்கு 12 மணி நேரம். 24 நாளும் கட்டினா 18 மணி நேரம். அதாவது மாசத்துக்கு ரெண்டு முழு ஷிஃப்டுக்கு மேல, சம்பளம் இல்லாம.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசு 2019-ல நடத்தின நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யுற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க. ஆண்கள்ல அந்த வேலையைச் செய்யுறவங்களோட சராசரி 97 நிமிஷம்.

வேலைக்குப் போற பெண்கள் இதைப் படிச்சா சிரிப்பீங்க. உங்க டப்பாவையும் கட்டி, வீட்ல இருக்கிற இன்னும் ரெண்டு டப்பாவையும் கட்டிட்டுத்தான் நீங்க பஸ் ஏறுறீங்க. கீழே வர்ற ஞாயிற்றுக்கிழமை வேலையை வீட்ல இருக்கிற தம்பி, அண்ணன், கணவர் கையில கொடுங்க. சமையல் தெரியாதுன்னு சொல்ல முடியாத அளவுக்கு இது எளிமை.

முன்கூட்டியே தயார் பண்ணினா நேரம் எவ்வளவு ஆகும்? ஞாயிறு 75 நிமிஷம், மாசத்துக்கு 4 ஞாயிறு: 5 மணி நேரம். காலையில கை வேலை 10 நிமிஷம், 16 நாளைக்கு 2 மணி 40 நிமிஷம். மொத்தம் 7 மணி 40 நிமிஷம். 12 மணி நேரத்தைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், அது உங்க நேரம். யாரும் உங்களுக்காக நாலரைக்கு எழுந்திருக்க வேண்டாம்.

ஒரு நிமிஷம், கேண்டீன் இருக்கா?

டப்பா வாங்கக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி வேலை பார்க்கிற இடத்துல விசாரிங்க. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டப்படி 250 பேருக்கு மேல வேலை பார்த்த ஆலையில கேண்டீன் வைக்கச் சொல்ல முடிஞ்சது. 150 பேருக்கு மேல இருந்தா, கொண்டுவந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட குடிநீரோட ஓர் அறை இருக்கணும்னும் அதுல இருந்துச்சு. 2020-ல நிறைவேறின தொழிலாளர் சட்டத் தொகுப்புல கேண்டீனுக்கான அந்த எண்ணிக்கை 100 ஆகக் குறைஞ்சிருக்கு.

1936-ல ராஜபாளையம் மில்ஸ் தொடங்கின காலத்துல இருந்து நம்ம ஊர் நூற்பு மில் ஊர். சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி. அதனால பல பேருக்கு இந்தச் சட்டம் நேரடியாப் பொருந்தும். உங்க கேண்டீன்ல 30, 40 ரூபாய்க்கு நல்ல சாப்பாடு கிடைச்சா, டப்பா கட்டுறதுல ரூபாய் லாபம் எதுவும் இல்லை. அங்க சாப்பிடுங்க. காயும் முட்டையும் மட்டும் வீட்ல இருந்து கொண்டு போங்க. அதுவும் நல்ல கணக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை 75 நிமிஷம்

நிறைய சமையல் வீடியோக்கள்ல ஞாயிற்றுக்கிழமையே அஞ்சு டப்பா சாதத்தைக் கட்டி ஃப்ரிட்ஜ்ல அடுக்குவாங்க. வெளிநாட்டுக் குளிருக்கும், ஆபீஸ்ல மைக்ரோவேவ் இருக்கிறவங்களுக்கும் அது சரி. நம்ம ஊர் வெயிலுக்கும், மில் ரெஸ்ட் ரூமுக்கும் சரிவராது. ஆறின சாதம் கல்லு மாதிரி ஆயிடும், பாதுகாப்பும் இல்லை.

நம்ம பாட்டிமார் வழி வேற. சாதம் அன்னைக்கு அன்னைக்கு வேகும். அதோட சேர்றது முன்னாடியே தயாரா இருக்கும்: பொடி, தொக்கு, புளிக்காய்ச்சல். அதைத்தான் நாமளும் பண்ணப்போறோம்.

ஞாயிறு காலை உழவர் சந்தைக்கு ஒரு நடை. 1999-ல தொடங்கின திட்டம், இன்னைக்கும் காய் வாங்க நல்ல இடம். பலகையில அன்னைக்கு விலை எழுதியிருக்கும், பார்த்துட்டு வாங்கலாம். ஒருத்தருக்கு 4 நாளைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல காய் போதும். நாள்பட நிக்கிறதா வாங்குங்க: கேரட், பீன்ஸ், கொத்தவரங்காய், வெள்ளரிக்காய், சீசன்ல மாங்காய்.

வீட்டுக்கு வந்ததும் மூணு வேலை.

ஒண்ணு, குக்கர் பாக்கெட் (15 நிமிஷம்). அரிசி, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாத்தையும் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமா அளந்து டப்பியில போட்டு வைங்க. மேலே "திங்கள்", "செவ்வாய்"னு எழுதிடுங்க. காலையில தூக்கக் கலக்கத்துல யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. கழுவி, தண்ணி ஊத்தி, குக்கர்ல வச்சிட்டுக் குளிக்கப் போயிடலாம். விசிலை எண்ண மட்டும் வீட்ல யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க, இல்லைன்னா எலக்ட்ரிக் ரைஸ் குக்கர்.

ரெண்டு, காய் நறுக்கல் (25 நிமிஷம்). பீன்ஸ், கொத்தவரங்காயை நறுக்கி, ஈரம் இல்லாம மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. புதன், வியாழன் வரைக்கும் தாங்கும். கேரட், வெள்ளரியை அன்னன்னைக்கு நறுக்குங்க.

மூணு, வாரம் ஒரு "கைகாவல்" (35 நிமிஷம்). எல்லாத்தையும் ஒரே ஞாயிறு செய்ய வேண்டாம், சுத்து முறை வச்சுக்கோங்க. முதல் வாரம் புளிக்காய்ச்சல், ரெண்டாவது வாரம் எள்ளுப்பொடி, மூணாவது வாரம் புளிச்சகீரைத் தொக்கு, நாலாவது வாரம் பருப்புப்பொடி. ஒரு மாசம் ஓடினா அலமாரியில நாலு பாட்டில் இருக்கும்.

புளிக்காய்ச்சல் தெரியாதவங்களுக்கு: 100 கிராம் புளியை வெந்நீர்ல ஊறவச்சு கெட்டியாக் கரைச்சுக்கோங்க. 100 மில்லி நல்லெண்ணெய்ல கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, 10 காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிங்க. மஞ்சள், உப்பு, கரைச்ச புளியை ஊத்தி, எண்ணெய் பிரிஞ்சு மேலே வர்ற வரைக்கும் சுண்ட விடுங்க. கடைசியில வறுத்துப் பொடிச்ச வெந்தயமும் மல்லியும் ஒரு ஸ்பூன், சின்னத் துண்டு வெல்லம். ஆறினதும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டில். ஈர ஸ்பூன் மட்டும் உள்ளே போகக் கூடாது. ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு மாசம் கவலை இல்லை.

நாலு நாள், நாலு டப்பா

திங்கள்: உளுத்தஞ்சோறு. நம்ம தெற்கத்திப் பக்கத்துக்குச் சொந்தமான சாப்பாடு இது. ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு தோலோட உடைச்ச கறுப்பு உளுந்து. உளுந்தை லேசா வாசம் வர வறுத்துத்தான் பாக்கெட்ல போடணும். காலையில 8 பல் பூண்டு, உப்பு, கொஞ்சம் தேங்காய்த் துருவல் சேர்த்து, ஒண்ணுக்கு ரெண்டே முக்கால் அளவு தண்ணி ஊத்தி 4 விசில். டப்பாவுக்குன்னா தேங்காயைக் குறைச்சு, குக்கருக்குள்ளேயே போட்டு வேக விடுங்க. மேலே நல்லெண்ணெய், எள்ளுப்பொடி. கூட ஒரு அவிச்ச முட்டை, வெள்ளரித் துண்டு. சோறும் பருப்பும் ஒண்ணா இருக்கிறதால சாயங்காலம் 4 மணிக்கு வடை தேடாது. அந்த வடை-டீ காசும் மிச்சம்தான், அதை நான் கணக்குல சேர்க்கவே இல்லை.

செவ்வாய்: புளிச்சாதமும் பயறும். ராத்திரியே ஒரு கைப்பிடி பாசிப்பயறை ஊறப்போடுங்க. காலையில குக்கர்ல கீழே சாதம், மேல் தட்டுல பயறு, ரெண்டும் 3 விசில்ல வெந்துடும். சாதத்துல புளிக்காய்ச்சல் ஒரு குழிக்கரண்டி. பயறுல கடுகு தாளிச்சு, துருவின கேரட், எலுமிச்சம்பழம். புளிச்சாதத்தை மட்டும் கொண்டு போனா அது முழுக்க மாவுச்சத்து, ரெண்டு மணிக்குக் கண்ணு சொருகும். பயறு சேர்ந்தாத்தான் அது சாப்பாடு.

புதன்: குதிரைவாலி தயிர்ச்சாதம். விருதுநகர் மாவட்டக் கரிசல் காட்டுல விளையுற தானியம். அரிசியைவிட விலை கூட, அதனால வாரம் ஒரு நாள் போதும். ஒண்ணுக்கு ரெண்டரை பங்கு தண்ணி, 3 விசில். ஆறினா இறுகும், அதனால சூடா இருக்கும்போதே மசிச்சு, காய்ச்சின பாலை ஊத்தி, கை பொறுக்குற சூட்டுக்கு வந்ததும் ரெண்டு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து மூடுங்க. மதியத்துக்குள்ள தானா உறைஞ்சு, புளிக்காத தயிர்ச்சாதமா இருக்கும். முழுக்கத் தயிர் ஊத்திக் கட்டினா ஒரு மணிக்கு வாயில வைக்க முடியாது. தொட்டுக்கப் புளிச்சகீரைத் தொக்கு. தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைய இருக்கிற ராஜபாளையத்துல இந்தத் தொக்குக்கு அறிமுகமே தேவையில்லை. சப்பட்டை மாம்பழ சீசன்னா ரெண்டு துண்டு சேர்த்துக்கோங்க.

வியாழன்: பருப்புப்பொடி சாதம், கொத்தவரங்காய் பொரியல், முட்டை. நறுக்கி வச்ச காயை ஆவியில வேகவிட்டுத் தாளிக்க 8 நிமிஷம். பொடியை சாதத்துல கலந்து கொண்டு போகாதீங்க, வறண்டுடும். சின்ன டப்பியில தனியா, கூட ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்.

வெள்ளி, சனி: வெளியில சாப்பிடுங்க. மனசு நிறைய. பரோட்டாவும் உண்டு. யாராவது பால்கோவா வாங்கி வந்தா ஒரு துண்டு எடுத்துக்கோங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின ஊர்ப் பலகாரத்துக்கு வேண்டாம்னு சொல்ல நான் ஆள் இல்லை.

அளவுக்கு ஒரே ஒரு விதி. ஐசிஎம்ஆர்-ன் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல தட்டுல பாதி காய், கீரை, பழமா இருக்கணும்னு சொல்றாங்க. நம்ம டப்பாவுல முக்கால்வாசி சாதமும் ஓரத்துல ஒரு ஸ்பூன் பொரியலும்தான் வழக்கம். ரெண்டு அடுக்கு டப்பா வாங்கி, ஒரு அடுக்கு முழுக்கக் காய்க்குன்னு ஒதுக்கிடுங்க. அளக்கவே வேண்டாம். அதே மாதிரி உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான். பொடி, தொக்கு, புளிக்காய்ச்சல் எல்லாத்துலயும் உப்பு கூட இருக்கும். அதனால இதைச் சாப்பிடுற நாள்ல ஊறுகாய், அப்பளம் வேண்டாம்.

வெயிலை மறந்துடாதீங்க

ஏழரைக்குக் கட்டின சாப்பாடு ஒரு மணிக்குத்தான் வாயில போகும். அஞ்சரை மணி நேரம், அதுவும் ஏப்ரல், மே மாசத்துல. ஒரு தடவை வயிறு கெட்டா டாக்டர் ஃபீஸ், மருந்து, லீவு எல்லாம் சேர்ந்து ஒரு மாசத்து 880 ரூபாயும் போயிடும்.

- சாதத்துல பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா வரும். அதோட விதை மாதிரியான வித்துகள் வேகவச்சாலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பா ரொம்ப நேரம் இருந்தா அது பெருகி நச்சு உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. அதனால முந்தின நாள் ராத்திரி வெளியில கிடந்த சாதத்தை டப்பாவுல கட்டாதீங்க.
- கொதிக்கிற சூட்டோடயே சூடு தாங்குற டப்பாவுல கட்டுங்க, இல்லைன்னா நல்லா ஆறவச்சுக் கட்டுங்க. ரெண்டுங்கெட்டான் சூட்டுல மூடினா வேர்த்து, நசநசன்னு ஆகி, சீக்கிரம் கெடும்.
- புளிப்பும் எண்ணெயும் சேர்ந்தது தாங்கும். பச்சைத் தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைச்ச கூட்டு, உருளைக்கிழங்கு மசியல் தாங்காது. வெயில் காலத்துல இதெல்லாம் வீட்லயே சாப்பிடுங்க.
- முட்டையை ஓட்டோட கொண்டு போங்க, சாப்பிடும்போது உரிங்க.
- டப்பாவைத் திறந்ததும் வாடை சரியில்லைன்னா யோசிக்காமக் கொட்டிடுங்க. 45 ரூபாய்தான்.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன், ஃப்ரிட்ஜ் இல்லைங்கிறவங்களுக்கு: திங்கள், செவ்வாய், வியாழன் டப்பாக்களுக்கு ஃப்ரிட்ஜ் தேவையே இல்லை. காயை மட்டும் முந்தின நாள் வாங்கிக்கோங்க. புளிக்காய்ச்சல் சின்ன அளவா, ரெண்டு வாரத்துக்குச் செய்யுங்க. ஒரு எலக்ட்ரிக் ரைஸ் குக்கர், ஒரு தாளிப்புக் கரண்டி, நாலு பாட்டில் போதும்.

டப்பாவுக்கு ரெண்டு, மூணாயிரம் செலவழிக்காதீங்க. 700 ரூபாய்க்கு நல்ல எவர்சில்வர் ரெண்டு அடுக்கு கிடைச்சா, முதல் மாச மிச்சத்துலயே அந்தக் காசு திரும்பிடும்.

அந்த 880 ரூபாய் இப்போ எங்கே இருக்கு?

இதுதான் பல பேர் கோட்டை விடுற இடம். மூணு மாசம் டப்பா கட்டியிருப்பாங்க, பேங்க் பேலன்ஸ் அப்படியே இருக்கும். ஹோட்டலுக்குப் போகாத பணம் ரீசார்ஜ்லயும், ஆன்லைன் ஆஃபர்லயும் கரைஞ்சு போயிருக்கும். செலவு பண்ணாத பணம் தானா சேமிப்பு ஆகாது. அதை வேற இடத்துக்கு நகர்த்தினாத்தான் சேமிப்பு.

சம்பளம் வந்த அன்னைக்கே ரெண்டு தானியங்கி பரிமாற்றம் போடுங்க. 720 வீட்டுக்கு. 880 இந்த வரிசையில:

முதல் இடம், கிரெடிட் கார்டு பாக்கி. மினிமம் மட்டும் கட்டிட்டு மீதியைத் தள்ளிப்போடுறவங்களுக்கு வட்டி பல கார்டுகள்ல மாசத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல. 10,000 ரூபாய் பாக்கிக்கு மாசம் 300-க்கு மேல வட்டி மட்டும். கார்டைத் தேய்க்காம மாசம் 880 கட்டிட்டு வந்தா ஒன்றரை வருஷத்துக்குள்ள முழுசா முடியும். இதைவிட நிச்சயமான லாபம் எந்த ஃபண்டும் தராது.

ரெண்டாவது, அவசர நிதி. கடன் இல்லைன்னா ஒரு வருஷத்துல 10,560 ரூபாய். வண்டி ரிப்பேர், திடீர் ஆஸ்பத்திரி, சம்பளம் பத்து நாள் தள்ளிப்போறது, இதுக்கெல்லாம் யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்.

மூணாவதுதான் ஆர்.டி.யோ எஸ்.ஐ.பி.யோ. மாசம் 880 வீதம் 5 வருஷம் கட்டினா நீங்க போட்டது 52,800. ஆர்.டி.யில 6.5 சதவீத வட்டின்னு வச்சா கையில சுமார் 62,000. எஸ்.ஐ.பி.ல கூடவும் வரலாம், குறையவும் செய்யலாம். "டப்பா கட்டினா கோடீஸ்வரன்"னு நான் தலைப்பு வைக்க மாட்டேன். 62,000 ரூபாய் உங்களைப் பணக்காரரா ஆக்காது. ஆனா தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கோ, பழைய வேலையை விட்டுப் புது வேலை கிடைக்கிற வரைக்கும் ரெண்டு, மூணு மாசம் தாக்குப்பிடிக்கவோ அது போதும்.

இந்த ஞாயிறு

நாலு டப்பாவையும் இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டாம். ரெண்டு குக்கர் பாக்கெட், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். திங்கள், செவ்வாய் மட்டும். ரெண்டு வாரம் ஓடினா மத்ததைச் சேர்த்துக்கோங்க. உங்க ஷீட்ல "மதிய உணவு" வரியில இருக்கிற எண்ணையும் உண்மையான எண்ணா மாத்துங்க.

என் ஷீட்ல இப்போ 1,520னு இருக்கு. 0-வைவிடப் பெரிய எண்தான், ஆனா அது என் எண். அம்மாவுக்கு இப்போ அஞ்சே முக்காலுக்குத்தான் அலாரம். மொதல் ஞாயிறு நான் கிண்டின புளிக்காய்ச்சலை ருசி பார்த்துட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை"ன்னு சொன்னாங்க. அடுத்த ஞாயிறு உப்பைக் குறைச்சேன்.